பிஐபி அங்கீகார அட்டை: இணையச் செய்தித்தளத்துக்குக் கிடைக்குமா?

கேள்வி: எங்க தமிழ்ச் செய்தித்தளத்தோட டெல்லி நிருபருக்கு பிஐபி (மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம்) தரும் அங்கீகார கார்டு வாங்கணும். அனுபவம் 6 வருஷம். எதையெல்லாம் பார்ப்பாங்க?

யமுனைக்கரை: 2022 மத்திய ஊடக அங்கீகார நெறிமுறைப்படி முழுநேர நிருபருக்கு 5 ஆண்டு அனுபவம் போதும் (ஃப்ரீலான்சருக்கு 15). ஆளைவிடத் தளம்தான் சிக்கல். மாதம் சராசரி 10 லட்சம் தனிப் பார்வையாளர்கள் (ஒரே ஆள் பலமுறை வந்தாலும் ஒண்ணுதான் கணக்கு), ஓராண்டு தொடர் இயக்கம், இந்தியாவில் பதிவு அலுவலகம், மூணும் வேணும். பிறர் செய்தியைத் திரட்டிப் போடும் தளம்னா எடுபடாது. 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளின் 18-வது விதிப்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் தள விவரம் கொடுத்தாச்சா? அதை முதல்ல முடிங்க.

பேனாக்காரன்: கார்டு வாங்குவதைவிடக் காப்பாத்துறது கஷ்டம். இறையாண்மை, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறுன்னு காரணம் காட்டி ரத்து செய்யலாம். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகணும்னு நிபந்தனை இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

யமுனைக்கரை: உண்மைதான். இன்னொண்ணு, விசிட்டிங் கார்டிலோ சமூக ஊடகத்திலோ 'இந்திய அரசு அங்கீகாரம் பெற்றவர்'னு போடக் கூடாது. வேலை மாறினா கார்டைத் திருப்பிக் கொடுத்துடணும்.

சாந்தினி: நாடாளுமன்ற பத்திரிகையாளர் மாடத்துக்கு இது செல்லாது. அதுக்கு மக்களவை, மாநிலங்களவைச் செயலகங்கள் தனியா பாஸ் தரும்.