மாற்றியமைத்த பிக்கப் டிரக்கைப் பனியில் ஓட்ட ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள பின்சக்கர இயக்க வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) பிக்கப் டிரக்கில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திறனைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் பொருத்தி, உயரத்தைக் குறைத்து, அகலமான கோடைக்கால டயர்களை மாட்டியிருக்கிறேன். உலர்ந்த சாலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சென்ற வாரம் முதல் பனி விழுந்த அன்று, ஒரு சிறிய ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டதுமே வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கிச் சென்று, சாலையோரப் பனிக் குவியலில்தான் நின்றது.

வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கும் என்பதை அறிவேன். ஆகவே குளிர்கால டயர்கள் வாங்குவது உறுதி. (என் பிடிவாதத்துக்குக் கிடைத்த தண்டனை என்றே வீட்டில் சொல்கிறார்கள்.) என் ஐயம் அளவைப் பற்றியது. பனியை அறுத்துக்கொண்டு தரையைத் தொடக் குறுகிய டயரே மேல் என்பதால் சிறிய வீல்களுக்கு மாற நினைக்கிறேன். ஆனால் வீலுக்குள் இருக்கும் பெரிய பிரேக் காலிப்பர்கள் (பிரேக் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகங்கள்) அதற்கு இடம் தருமா என்பதை, இத்தகைய மாற்றம் செய்தவர்கள்தான் சொல்ல முடியும்.

மேலும், காலியான பின்தளத்தில் மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே கட்டி வைத்தால், தாழ்த்திய சஸ்பென்ஷன் அந்த எடையைத் தாங்குமா? ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் பின் அச்சில் இருப்பதால் இரு பின்சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்று வண்டியைத் திருப்பிவிடுகின்றன என்று கருதுகிறேன். இரண்டாம் கியரில் புறப்படுவது, குளிர்காலத்துக்கென ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) திறனை மெல்ல வெளிப்படுத்தும் மென்மையான டியூன் ஏற்றுவது ஆகியவற்றில் எது உண்மையில் பலன் தந்தது என்பதை அனுபவத்திலிருந்து எழுதினால் நன்றியுடையவனாவேன். நான்கு சக்கர இயக்க வண்டி வாங்குங்கள் என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அது புறப்பட உதவுமே தவிர, பிரேக் பிடிக்கும்போது கைகொடுக்காது.