கண்ட்ரோல் தட்டிலேயே ராகி முளைக்கவில்லை: அமினோபாஸ்போனேட் சோதனையில் உதவி வேண்டும்

பென்னாகரம் மாணவி:
தர்மபுரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். பர்ஃபுராலையும் பாரா-டொலுயிடினையும் சேர்த்து இமைன் செய்து, அதோடு டைஎத்தில் பாஸ்பைட் சேர்த்தேன். அமினோபாஸ்போனேட் (நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்த கரிமச் சேர்மம்) பழுப்பு எண்ணெயாக வந்தது. அது விதை முளைப்பையும் பாக்டீரியாவையும் தடுக்கிறதா என்று பார்த்தேன். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, போர் தண்ணீர் கலந்து (டிஎம்எஸ்ஓ 5 சதவீதம்) வடிதாளில் ஊற்றி, தட்டுக்கு 20 ராகி விதை வைத்தேன். சேர்மம் ஊற்றிய தட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. சேர்மம் இல்லாமல் ஒப்பிட வைத்த வெறும் டிஎம்எஸ்ஓ தட்டிலும் (கண்ட்ரோல்) 3 தான். ஈ. கோலை பாக்டீரியாத் தட்டில், சேர்மம் ஊறிய தாள் டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையம் 11 மி.மீ. வந்தது. இதை ஆய்வேட்டில் எழுதலாமா? அடுத்த மாதம் சமர்ப்பிக்கணும், பயமாக இருக்கிறது.

பையூர்ப் பக்கத்து அண்ணன்:
எழுதாதே தங்கச்சி. கண்ட்ரோலே முளைக்காதபோது உன் சேர்மத்தைப் பற்றி அந்தத் தட்டு எதுவும் சொல்லாது. ஓஇசிடி 208 என்ற சர்வதேச நாற்று முளைப்புச் சோதனை முறையில் கண்ட்ரோலில் குறைந்தது 70 சதவீதம் முளைத்திருக்க வேண்டும். 5 சதவீத டிஎம்எஸ்ஓ விதைக்கு ரொம்ப அதிகம். டிஎம்எஸ்ஓவையே விட்டுவிடு. அசிட்டோனில் கரைத்து உலர்ந்த மணலில் பிசறி, ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டியில் (ஃப்யூம் ஹூட்) முழுக்க ஆவியாக விட்டு, அப்புறம் நீர் ஊற்றி விதை. கண்ட்ரோல் மணலுக்கும் அதே அளவு அசிட்டோன். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரில் உப்பும் புளோரைடும் உண்டு, காய்ச்சி வடித்த நீரே எடு. விதை சாயம் பூசியிருந்தால் அது மருந்து நேர்த்தி செய்தது, வேண்டாம்.

அதைவிட முக்கியம், பழுப்பு நிறம். பர்ஃபுரால் பழசானால் கறுக்கும். மிச்சமிருக்கும் பர்ஃபுரால் விதையையும் பாக்டீரியாவையும் தானே அடக்கும். பாஸ்பைட் நீரில் சிதைந்து அமிலமும் ஆகும், கரைசலின் பிஎச் பார்த்தாயா? பர்ஃபுராலைக் குறைந்த அழுத்தத்தில் வடித்துவிட்டுத் தொடங்கு. முடிவில் சிலிக்கா நிரப்பிய குழாயில் ஊற்றி (காலம் குரோமட்டோகிராபி) பிரி. எந்தப் பாஸ்பரஸ் சேர்மம் இருக்கிறது என்று காட்டும் பாஸ்பரஸ் என்எம்ஆர் வரைபடத்தில் 7 பிபிஎம் பக்கம் வரும் கோடு பாஸ்பைட், 20ஐ ஒட்டி வருவது உன் சேர்மம். 7 மறைந்தால்தான் விதையைத் தொடு.

ஓசூர் அக்கா:
பாக்டீரியா பக்கம் நான் சொல்கிறேன். 6 மி.மீ. டிஸ்க்கையும் சேர்த்துத்தான் அந்த 11. வெறும் டிஎம்எஸ்ஓ டிஸ்க் ஒன்று, பர்ஃபுரால் டிஸ்க் ஒன்று பக்கத்திலேயே வை. இந்த மாதிரி எண்ணெய்ச் சேர்மம் அகாரில் சரியாகப் பரவாது. அதனால் வளையம் வராவிட்டாலும் செயல் இல்லை என்று எழுதிவிடாதே, திரவ ஊடகத்தில் எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவு) பார். ஸ்டாபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவையும் சேர்த்துக்கொள்.

பென்னாகரம் மாணவி:
மூன்று வாரம் ஆயிற்று. காலம் குரோமட்டோகிராபி செய்ததும், தூய்மை பார்க்கும் டிஎல்சி தகட்டில் ஒரே ஸ்பாட், என்எம்ஆரில் 7 இல்லை. மணலில் கண்ட்ரோல் 20க்கு 18 முளைத்தது. கிலோவுக்கு 100 மி.கி. சேர்த்ததில் 17, 1000 மி.கி.யில் 6, அந்த ஆறிலும் வேர் கட்டையாக நிற்கிறது. ஈ. கோலை வளையம் போய்விட்டது அக்கா. பர்ஃபுரால் டிஸ்க்கைச் சுற்றித்தான் வளையம் இருக்கிறது. இரண்டு நாள் அழுதேன்.

ஓசூர் அக்கா:
அழாதே கண்ணு. அந்தப் பர்ஃபுரால் தட்டையும் படம் எடுத்து ஆய்வேட்டில் சேர். எம்ஐசி தட்டை இந்த வாரமே போட்டுவிடு.

பையூர்ப் பக்கத்து அண்ணன்:
ராகி ஒருவித்திலை. இருவித்திலைக்கு முள்ளங்கி விதையும் நாளைக்கே போடு, நாள் இருக்கிறது.