உதவி தேவை: அட்டை வார்ப்புருவிலிருந்து மரத்தில் எம்டன் கப்பல் – குறுக்குச் சட்டங்கள் ஒரே ஓட்டத்தில் அமையவில்லை

கெடிலக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். முதல் உலகப் போர்க்கால ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனை 1:100 அளவில் மரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மைக் கப்பலின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். ஆகவே என் மாதிரி 118.3 சென்டிமீட்டர் நீளமும் 13.5 சென்டிமீட்டர் அகலமும் வர வேண்டும். 1914 செப்டம்பர் 22 அன்று இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கப்பலை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கதையாக மட்டுமே கேட்டிருக்கிறார்கள். அதை மேசைமேல் நிறுத்திப் பாடம் நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1:250 அளவில் வந்த அட்டைக் கப்பல் தொகுப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பாகங்களை நகல் கடையில் இரண்டரை மடங்கு பெரிதாக்கி, தடித்த அட்டையில் ஒட்டி வெட்டி, அவற்றை வார்ப்புருவாக வைத்து 4 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் 21 குறுக்குச் சட்டங்களையும் (உடலின் விலா எலும்புகள் போன்றவை) அவற்றைத் தாங்கும் முதுகெலும்பாக ஒரு நெடுக்குப் பலகையையும் அறுத்திருக்கிறேன். இன்னும் எதையும் பசை போட்டு ஒட்டவில்லை. பிளவுகளில் செருகி மட்டும் நிறுத்தியிருக்கிறேன். எனக்குள்ள சிக்கல்கள் இவை.

மெல்லிய ரீப்பர் (வளையும் மரப்பட்டி) ஒன்றை முன்மூக்கிலிருந்து பின்புறம் வரை சட்டங்களின் மேல் வளைத்துப் பிடித்தால், இடப்பக்கத்தில் எல்லாச் சட்டங்களையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வலப்பக்கத்தில் 6, 7 ஆகிய சட்டங்களின் மேல் ஏறி நிற்கிறது. 5, 8 இரண்டையும் தொடுவதே இல்லை. இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. இருக்கும்.

நடுச்சட்டத்தின் அகலம் 13.4 செ.மீ. அதன் இருபுறமும் 2 மி.மீ. பலகை வைத்து அளந்தால் 13.8 வருகிறது. 13.5 அல்லவா வர வேண்டும்?

பின்புற வளைவில் தேக்குப் பட்டைகள் ஊறவைத்தும் உடைகின்றன.

இந்த நிலையில் எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

தேவனாம்பட்டினம்:

ஐயா, எம்டன் இரும்புக் கப்பல். எப்படியும் முழுவதும் வண்ணம் பூசத்தானே போகிறீர்கள்? மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பள்ளத்தில் அப்பித் தேய்த்துவிட்டால் ஒன்றரை மி.மீ. தெரியாது. என் மீன்பிடிப் படகு மாதிரியை அப்படித்தான் முடித்தேன், இன்றும் நன்றாக இருக்கிறது.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

நான் கட்டட வரைபடம் வரைபவன், மாதிரிக் கப்பல்களும் செய்வேன். பலகைகளின் இணைப்பை மூடப் பூச்சு போதும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் துருத்தியிருக்கும் உடலைப் பூச்சால் மறைக்க முடியாது. எம்டன் ஒடுக்கமான கப்பல். பளபளப்பான வண்ணம் ஏறியதும் விளக்கொளி அந்தப் புடைப்பின் மேல்தான் முதலில் விழும்.

ஐயா, தீர்வு சொல்வதற்கு முன் மூன்று அளவுகள் வேண்டும். மூலத் தாளில் 10 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, அதே கடையில், அதே இயந்திரத்தில் இரண்டரை மடங்காக்கி இரு பக்கமும் அளந்து சொல்லுங்கள். 6, 7 ஆம் சட்டங்கள் பெரிதாக்கிய தாளில் எந்தத் திசையில் கிடந்தன? அந்தச் சட்டங்களின் நடுப்பிளவு, மையக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா?

கெடிலக்கரை:

அளந்துவிட்டேன். சதுரம் ஒரு பக்கம் 25.0, தாள் இயந்திரத்துக்குள் ஓடும் திசையில் 25.3. மற்றச் சட்டங்களெல்லாம் தாளில் நேராக இருந்தன. 6, 7 இரண்டும் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் படுக்கைவாட்டில் வைக்கப்பட்டிருந்தன. பிளவுகள் பெரிதாக்கிய தாளில் இரண்டரை மி.மீ. அகலமே இருந்தன, ப்ளைவுட் 4 மி.மீ. என்பதால் அரத்தால் விரித்தோம். இப்போது அளந்து பார்த்தால், அந்த இரண்டு சட்டங்களில் மட்டும் பிளவு இடப்பக்கமாக விரிந்திருக்கிறது.

முத்தியால்பேட்டை:

விடை உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது ஐயா. விரிவாகவே எழுதுகிறேன், இந்த வழியில் கட்டும் வேறு யாருக்கும் பயன்படும்.

நகல் இயந்திரத்தில் தாள் உருளைகளால் இழுபட்டு ஓடுகிறது. அந்தத் திசையில் மட்டும் அளவு சற்று நீண்டுவிடுவது உண்டு. உங்களுக்கு 1.2 விழுக்காடு நீண்டிருக்கிறது. மற்றச் சட்டங்களில் அந்த நீட்சி உயரத்தில் போனது. எம்டன் நீரில் மூழ்கும் ஆழமே ஐந்தரை மீட்டர்தான் என்பதால் மாதிரியில் அது கண்ணுக்குத் தெரியாது. படுக்கைவாட்டில் கிடந்த 6, 7இல் அதே நீட்சி அகலத்தில் ஏறிவிட்டது. அவற்றின் அகலம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 0.7 மி.மீ. கூடுகிறது. பிளவு இடப்பக்கமாக 1.5 மி.மீ. விரிந்ததால் அதன் மையம் 0.75 இடப்பக்கம் போக, சட்டம் அந்த அளவு வலப்பக்கம் நகர்ந்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் வலப்பக்கம் ஒன்றரை மி.மீ. புடைப்பு. இடப்பக்கம் ஒன்று கூட்ட, ஒன்று கழிக்க, சரியாக ஒட்டி நிற்கிறது. ஆகவே இந்த இரண்டு சட்டங்களை மட்டும் புதிதாக அறுங்கள்.

அடுத்து, 13.8 விவகாரம். காகிதக் கப்பலுக்கு மேல்தோல் மெல்லிய தாள், சுமார் 0.2 மி.மீ. தொகுப்பை வரைந்தவர் அந்தத் தடிமனைச் சட்டத்தில் கழித்தே வரைந்திருக்கிறார். இரண்டரை மடங்காக்கும்போது அந்தக் கழிவு 0.5 ஆகிறது. நீங்கள் வைக்கும் பலகையோ 2 மி.மீ. மீதி 1.5, இரு பக்கமும் சேர்த்து 3. அதுதான் உங்கள் 13.8. தாளுக்காக வரைந்த வார்ப்புருவில் மரத்தின் தடிமனை நாமே கழிக்க வேண்டும். எவ்வளவு நல்ல தொகுப்பாக இருந்தாலும் அது இந்த வேலையைச் செய்து தராது.

எல்லாச் சட்டங்களின் வெளிவிளிம்பிலும் 1.5 மி.மீ. எடுக்க வேண்டும். கவராயத்தை 1.5க்கு வைத்து, ஒரு காலை விளிம்போடு ஓட்டினால் உள்ளே கோடு விழும்; அந்தக் கோடு வரை அறுத்துத் தேயுங்கள். பின்புறச் சட்டங்களில் பலகை சாய்வாக வந்து சேர்வதால் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். 30 பாகை சாய்வில் 2 மி.மீ. பலகை 2.3 மி.மீ. இடம் பிடிக்கும். 45 பாகை என்றால் 2.8. மேல்விளிம்பில் பலகைக்காகக் கழிக்காதீர்கள்; அங்கே கழிக்க வேண்டியது தளத்தின் தடிமனை. தளத்தின் ஓரமும் இரு பக்கமும் 1.5 குறைய வேண்டும்.

நூறில் இரண்டு பங்கு அகலம் கூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நடுக்கப்பலில் ஒன்றும் ஆகாது. முன்மூக்கில்தான் கப்பலின் முகமே மாறிவிடும். நெடுக்குப் பலகை 4, இரு பக்கப் பலகை 2, 2; மொத்தம் 8 மி.மீ. உண்மைக் கப்பலில் அது 80 செ.மீ. தடிமன். எம்டனின் முன்முனை நீருக்கடியில் முன்னே நீண்டு இடிமூக்காகக் கூர்ந்து போவது, அந்தக் கூர்மை போய்விட்டால் அது எம்டனே அல்ல. நெடுக்குப் பலகையின் முன்விளிம்பை இழைத்து 1 மி.மீ. வரை கூராக்கி, அதற்குச் சற்றுப் பின்னால் இரு பக்கமும் பள்ளம் வெட்டி, பலகைகளின் முனைகளை அந்தப் பள்ளத்தில் உட்கார வையுங்கள்.

அறுக்கும்போது பின்பற்ற வேண்டிய கோடு எது என்பதிலும் கவனம் வேண்டும். மூலத் தாளில் 0.2 மி.மீ. கோடு பெரிதானதும் அரை மி.மீ. ஆகிறது. கோட்டின் உள்ளோரமா, வெளியோரமா என்று ஒன்றை முடிவு செய்து 21 சட்டங்களுக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

உப்பனாறு (கடலூர் முதுநகர்):

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் உப்பனாற்றங்கரையில் மரப்படகு கட்டும் குடும்பம். தம்பி முத்தியால்பேட்டை சொன்ன கணக்கு முழுவதும் சரி. ஆனால் கணக்கோடு நின்றுவிடக் கூடாது, ரீப்பர் சொல்வதையும் கேட்க வேண்டும். நாங்கள் ஏராக்கட்டையில் (படகின் அடிநெடுங்கட்டை) வங்குகளை, அதாவது குறுக்குச் சட்டங்களை, நிறுத்திய பிறகு, நீளமான ரீப்பரை மேலும் கீழும் நகர்த்தி நகர்த்தி ஓட்டம் பார்ப்போம். எந்த வங்கு அளவில் சரியாக இருக்கிறது என்று கேட்பதில்லை. பக்கத்து இரண்டு வங்குகளோடு ஒத்துப் போகிறதா என்றுதான் பார்ப்போம். உயர்ந்த இடத்தை இழைப்போம், தாழ்ந்த இடத்தில் மெல்லிய சிராய் (மரச்சீவல்) ஒட்டி இழைப்போம். எனவே ஒன்றிரண்டு இடங்களில் அரை மி.மீ. வித்தியாசம் வந்தால் புதிதாக அறுக்க வேண்டாம்.

இன்னொன்று. நெடுக்குப் பலகையிலும் பிளவுகளை விரித்திருப்பீர்கள். 4 மி.மீ. தடிமனுள்ள சட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. வரைபடத்தின் கோடு எந்த முகத்தில் நிற்க வேண்டும்? நடுக்கப்பலைப் பார்த்த முகம் கோட்டில் நிற்க வேண்டும், மீதித் தடிமன் முனையை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் முனைப்பக்க விளிம்பில் சரித்து இழைக்க மரம் மிஞ்சும். மாற்றி வைத்தால் இழைக்க ஒன்றும் இருக்காது. பலகை ஒற்றை விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், பசை பிடிக்காது. முன்பாதிக்கு முன்நோக்கி, பின்பாதிக்குப் பின்நோக்கி. இதைச் சரிபார்த்த பிறகு பசையைத் தொடுங்கள்.

உடையும் தேக்குக்கு வருவோம். 2 மி.மீ. பட்டையைப் பின்புறத்தில் இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளைக்கிறீர்கள், வளைவும் முறுக்கும் சேர்ந்து வருகிறது. ரேகை சாய்ந்து ஓடும் பட்டை எவ்வளவு ஊறினாலும் அந்த இடத்தில் பிளக்கும். ரேகை நேராக ஓடும் பட்டைகளைப் பொறுக்குங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம், வெந்நீரில் ஊறவையுங்கள், சூடான குழாயின் மேல் மெதுவாக வளைத்துக் காயவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். இதைவிட நல்ல வழி, கடைசி மூன்று சட்டங்களுக்கு இடையில் பலகையே போடாமல் குமிழ மரக்கட்டைகளை நிரப்பி உளியாலும் அரத்தாலும் செதுக்கிவிடுவது. குமிழ் இலகுவாகச் செதுக்க வரும், காய்ந்த பிறகு அதிகம் சுருங்காது, முறுக்காது. இரும்புக் கப்பலுக்கு வண்ணம்தானே, மரத்தின் அழகு வெளியே தெரியப் போவதில்லை.

கெடிலக்கரை:

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நெடுக்குப் பலகையைப் பார்த்தேன். முன்பாதியில் கோடு சரியான முகத்தில் இருக்கிறது, பின்பாதியில் மாறியிருக்கிறது. பின்பாதிப் பிளவுகளை மெல்லிய சிராய் வைத்து அடைத்து, மறுபக்கம் விரித்துக்கொள்ளலாம் அல்லவா?

இன்னொரு கவலை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அட்டை வார்ப்புருக்கள் சற்று உப்பியிருக்கின்றன. நெடுக்குப் பலகையும் லேசாக வளைந்திருக்கிறது.

உப்பனாறு:

தாராளமாக அடைத்துக்கொள்ளலாம் ஐயா. சிராய் நன்றாகக் காய்ந்த பிறகு விரியுங்கள்.

முத்தியால்பேட்டை:

அட்டையின் ஓரங்களை நம்பி அளக்காதீர்கள். ஈரத்தில் அட்டை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்பாது. ஒவ்வொரு வார்ப்புருவிலும் மையக்கோடும் நீர்மட்டக் கோடும் இருக்கின்றன. அவற்றை இரும்பு அளவுகோலால் ப்ளைவுட்டில் புதிதாக வரைந்து, அவற்றின் மேல் வார்ப்புருவைப் பொருத்துங்கள். புதிதாக அறுக்கும் 6, 7க்கான தாளை நேராக வைத்துப் பெரிதாக்குங்கள், அட்டையில் ஒட்டிய உடனேயே மரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வளைந்த பலகைக்கு, தட்டையான அடித்தளம் ஒன்று தேவை. பழைய பிளஷ் கதவு இருந்தால் அருமை. அதில் நேர்கோடு வரைந்து, சட்டங்களின் மேல்விளிம்பு கீழே வரும்படி கப்பலைக் குப்புறக் கவிழ்த்து, ஒவ்வொரு சட்டத்தையும் மூலைமட்டம் வைத்துச் சிறு கட்டைகளால் பிடித்து நிறுத்துங்கள். எம்டனின் முன்தளம் நடுத்தளத்தைவிட உயரமானது. அந்த வேறுபாட்டுக்கு ஏற்ற உயரக் கட்டைகளை அடியில் வைக்க மறக்க வேண்டாம்.

தேவனாம்பட்டினம்:

நானும் கற்றுக்கொண்டேன். ஒரு கேள்வி: வண்ணம் வெள்ளையா, சாம்பலா? படங்களில் இரண்டும் இருக்கின்றன. புகைபோக்கி மூன்றா, நான்கா?

முத்தியால்பேட்டை:

போருக்கு முன் கிழக்காசியப் படைப்பிரிவில் இருந்தபோது வெள்ளை உடல். ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வந்தது அதனால்தான். போர் தொடங்கியதும் சாம்பல் நிறம் பூசிவிட்டார்கள். சென்னைக்கு வந்த எம்டனைக் காட்ட வேண்டுமானால் சாம்பல்தான். புகைபோக்கி மூன்று. பிரிட்டனின் யார்மத் கப்பலைப் போலத் தோன்றுவதற்காக நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைத் தேவைப்படும்போது எழுப்பினார்கள். அதை மட்டும் அட்டையில் செய்து, கழற்றி மாட்டும்படி வைத்தால் பிள்ளைகள் தாங்களே மாட்டிப் பார்ப்பார்கள்.

கெடிலக்கரை:

அந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது, நிச்சயம் செய்வேன்.

நிலவரம்: 6, 7 புதிதாக அறுத்தாயிற்று. மற்றச் சட்டங்களில் 1.5 மி.மீ. எடுத்துவிட்டேன். கதவின் மேல் கவிழ்த்து நிறுத்தி ரீப்பரை ஓட்டினால் இரு பக்கமும் தொட்டுக்கொண்டு போகிறது. வலப்பக்கம் 5இல் மட்டும் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. பலகையோடு சேர்த்து நடுவில் 13.5 வருகிறது. பலகை ஒட்டத் தொடங்கலாமா?

உப்பனாறு:

5இல் சிராய் ஒட்டி, 4 முதல் 6 வரை சேர்த்து உப்புத்தாள் கட்டையால் ஒரே இழுப்பாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள் ஐயா. உப்புத்தாள் கட்டை எப்போதும் மூன்று சட்டங்களையாவது தொடும் நீளத்தில் இருக்கட்டும்; குட்டையாக இருந்தால் ஒரே சட்டத்தைக் குழித்துவிடும். வலப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது இடப்பக்கம் அதே இடத்தில். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால், பலகைகள் இழுத்து உடலை முறுக்கிவிடும். அதற்குப் பிறகு திருத்த வழியே இல்லை. தளத்தின் ஓரத்தை ஒட்டிய பலகையில் தொடங்குங்கள், பாதி ஏறியதும் கதவிலிருந்து எடுக்காமல் ரீப்பரை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.