மைனரின் காப்பாளர், கடன் கொடுத்தவர்களுக்குத் தாமாகவே தெரிவிக்க வேண்டுமா?

கேள்வி:
என் அக்காவும் அத்தானும் இறந்தபின், அவர்களுடைய 12 வயது மகனின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றம் என்னைக் காப்பாளராக நியமித்து 2 மாதங்கள் ஆகின்றன. அத்தானின் நாட்குறிப்பில் கடைசிப் பக்கத்தில் ஆறு பெயர்களும் எதிரே தொகைகளும் உள்ளன. இரண்டு வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. மற்ற நால்வருக்கும் நானே எழுதித் தெரிவிப்பது கடமையா, அவர்கள் கேட்டு வரும்வரை பொறுத்திருக்கலாமா? தாய்மாமன் கடனை மறைத்தான் என்ற பழி நாளை பையன் தலையில் விழக் கூடாது.

மறுமொழி 1:
1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தில், கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு அனுப்பியே ஆக வேண்டுமென்று சொல்லும் பிரிவு கிடையாது. ஆனால் நீதிமன்றம் கேட்டால், நியமன நாளிலிருந்து 6 மாதத்துக்குள், மைனரின் சொத்துகளோடு, அவர் தர வேண்டிய கடனையும் அவருக்கு வர வேண்டிய கடனையும் பட்டியலிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர்களிடம் விசாரிக்காமல் அந்தப் பட்டியலைச் சரியாகத் தயாரிக்க முடியாது. மேலும், தம் சொந்தச் சொத்தைப் பேணும் விவேகத்தோடு மைனரின் சொத்தையும் பேண வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. ஆகவே எழுதுவதே நல்லது.

மறுமொழி 2:
எழுதுங்கள், ஆனால் வாசகத்தில் மிகுந்த கவனம் தேவை. என் தம்பி மகனுக்குக் காப்பாளராக இருந்தபோது, “தம்பி வாங்கிய கடன் நிலுவையில் உள்ளது” என்று ஒருவருக்கு எழுதிக் கையெழுத்திட்டேன். வழக்குப் போடுவதற்கான காலவரையறை முடியச் சில வாரங்களே இருந்த அவருடைய புரோநோட்டுக்கு (கடன் உறுதிச் சீட்டு) அந்த ஒரு வரியால் மேலும் 3 ஆண்டு உயிர் வந்தது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அந்தக் காலம் முடியும் முன் எழுத்தில் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் காலம் புதிதாகத் தொடங்குகிறது (18ஆம் பிரிவு). சட்டப்படியான காப்பாளரின் கையெழுத்தும் அதற்குப் போதும் (20ஆம் பிரிவு). ஆகவே, நீங்கள் காப்பாளர் என்பதைத் தெரிவித்து, கோரிக்கை இருந்தால் ஆவணங்களின் நகலைக் கேட்டு, இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது என்று முடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. கடன் உண்மையென்று தெரிந்தால், நிலத்தை விற்று அடைத்துவிடலாமா?

மறுமொழி 1:
நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது (காப்பாளர் சட்டத்தின் 29ஆம் பிரிவு); அவசியமோ மைனருக்குத் தெளிவான நன்மையோ இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். தந்தையின் கடனுக்கு, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் மகன் பொறுப்பு. அதே சமயம், கையில் புரோநோட்டு இல்லாமல் நம்பிக்கையின் பேரில் கைமாற்றுக் கொடுத்தவரை, ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். நாட்குறிப்பைக் காட்டி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க அதே சட்டத்தின் 33ஆம் பிரிவில் வழியிருக்கிறது. அடிக்கப்பட்ட இரண்டு வரிகளுக்கு உரியவர்களுக்கும் எழுதுங்கள். அத்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தும் புரோநோட்டு அவர்களிடமே இருந்தால், அதை வாங்கி வைப்பதும் உங்கள் பொறுப்புதான்.