டிக்கெட் கையில் இருக்கிறது, வேலை கையில் இல்லை: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

பழைய செகண்ட்:
நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகப் பைலட் ஏறப்போகிற நேரம், கப்பலின் மின்சாரத்துக்கு இன்னொரு ஜெனரேட்டரை லோடில் சேர்க்கவேண்டும், ஆட்டோவில் ஏற மறுக்கிறது. பக்கத்தில் புதிதாக சைன் ஆன் செய்த மூன்றாவது இன்ஜினியர். டிக்கெட், அதாவது சிஓசி என்ற தகுதிச் சான்றிதழ், சுத்தம், ஓரல்ஸ் என்ற வாய்மொழித் தேர்வில் முதல் தடவையே தேறியவர், கோப்பைத் திறந்தால் கோர்ஸ் சான்றிதழ்கள் கொட்டும். "நீங்களே மேனுவலாக சின்க் பண்ணுங்க", அதாவது ஓடுகிற மின்சாரத்தோடு ஒத்துப்போகவைத்துச் சேருங்கள், என்று சொல்லிவிட்டு நான் போனில் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுடன் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப் ஊசி வேகமாகச் சுற்றுகிறது, ஜெனரேட்டர் வேகத்தை மாற்றும் கவர்னர் பக்கம் கையே போகவில்லை, விரல் ஜெனரேட்டரை இணைக்கும் பிரேக்கர் பட்டனில், ஊசி இறங்கி ஆறு மணி இடத்துக்கு வருகிறது. கையைத் தட்டிவிட்டேன். ஆறு மணி என்றால் இரண்டும் நேர் எதிரெதிர்; அங்கே அழுத்தினால் ஜெனரேட்டரே நாசமாகலாம் என்று இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

என்னை உறுத்துவது அது இல்லை. கப்பலைக் கரையோரம் கட்டி முடித்த பிறகு, "எப்போது பிரேக்கரை அழுத்தணும்?" என்று கேட்டேன். "ஊசி ஃபாஸ்ட் பக்கமா மெதுவா சுத்தணும் சார், பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாடி அழுத்தணும்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. அப்படியானால் அந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

போட் டெக்:
டெக் பக்கமும் இதே லட்சணம்தான். ஃபயர் டிரில், பெயிண்ட் ஸ்டோரில் தீ என்று வைத்துக்கொண்டோம். அட்வான்ஸ்டு ஃபயர் ஃபைட்டிங் முடித்த மூன்றாவது மேட் (டெக் அதிகாரி) புகையில் மூச்சுவிட உதவும் பிஏ செட்டை மாட்டினார். சிலிண்டர் வால்வைத் திறக்காமலே மாஸ்க்கை இறுக்கிவிட்டார். முதல் மூச்சிலேயே மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பிதுங்குகிறது, கை இடுப்புக்குப் பின்னால் வால்வுக்குப் போகவேண்டும், இவரோ தடித்த கையுறையோடு மாஸ்க் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். டெக் ஆட்களின் தலைவரான போசன் பின்னால் போய் வால்வைத் திறந்துவிட்டார். போசனிடம் அந்த அட்வான்ஸ்டு சான்றிதழ் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி மாதத்துக்கு ஒரு ஃபயர் டிரில்லில் ஒவ்வொருவரும் கலந்துகொள்ளவேண்டும். கலந்துகொண்டார். ரெஜிஸ்டரில் "திருப்திகரம்" என்று எழுதியாயிற்று. ஆபீஸுக்குப் போன ஃபோட்டோவில் ஆள் ஹெல்மெட்டோடு ஜம்மென்று நிற்கிறார்.

கரை வாத்தியார்:
கோர்ஸ் நடத்துகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான், அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். முதலில் செகண்ட் சாருக்கு. அந்த ஸ்விட்ச்போர்டில் செக் சின்க் ரிலே என்று ஒன்று இருந்திருக்குமே? ஊசி ஆறு மணியில் இருந்தால் பிரேக்கரே மூடாது, இணைப்பே ஏற்படாது. நீங்கள் சொல்லும் அளவுக்கு அது ஆபத்தா?

அப்புறம், எஸ்டிசிடபிள்யூ, அதாவது மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச உடன்படிக்கை, என்பது குறைந்தபட்சத் தரம். 1978-ல் வந்தபோது கடலில் எத்தனை மாதம் இருந்தாய், என்ன பாடம் படித்தாய் என்பதற்குத்தான் அதிக எடை. செய்துகாட்டு என்ற பேச்சு வலுத்தது 1995 திருத்தத்தில். 2010 மணிலா திருத்தத்தில் எக்டிஸ் என்ற மின்னணுக் கடல் வரைபடக் கருவி, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திறமையை நிரூபிப்பது எல்லாம் சேர்ந்தன. சில நாட்களே நடக்கும் கோர்ஸில் ஒரு கூட்டத்தையே வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யமுடியும்? ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை கை வைக்கத்தான் நேரம் இருக்கும். மிச்சத்தைக் கற்றுத்தர வேண்டியது கப்பல். அந்தப் பையன் பயிற்சிக் கேடட்டாக இருந்தபோது எந்த செகண்ட் இன்ஜினியர் அவனை போர்டு பக்கம் விட்டார்? கப்பலின் அடித்தளமான பில்ஜைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டு, காண்ட்ராக்ட் முடிகிற வாரத்தில் டிரெயினிங் ரெக்கார்டு புக்கில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டவர் யார்? உடனே ஏட்டுச் சுரைக்காய் பழமொழியை யாரும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், அலுத்துவிட்டது.

பழைய செகண்ட்:
ரிலே இருந்தது. ரிலே காப்பாற்றும் என்று தெரிந்து அவர் அழுத்தப் போகவில்லை சார், தெரியாமல் போனார். ரிலே கோளாறாகிற அன்றைக்கும் இதே விரல்தான் அங்கே இருக்கும்.

கேடட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவரிடமே விசாரித்தேன். அதற்கு முன்னால் வேலை பார்த்த கப்பல்களில் எல்லாமே ஆட்டோவாம். ஒன்றில் போர்டு மேலேயே "மேனுவலில் தொடாதே" என்று சீஃப் இன்ஜினியர் ஒட்டிவைத்திருந்தாராம்.

ரேடார் கண்:
எக்டிஸ் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். பிரிட்ஜில் வாட்ச் (பணிமுறை) மாற்றப் போகிறேன், அலாரம் கத்துகிறது, இருக்கும் மேட் திரையைப் பார்க்காமலே கையை நீட்டி அணைக்கிறார். மறுபடி கத்துகிறது, மறுபடி அணைக்கிறார். என்ன அலாரம் என்றால் "இது எப்பவும் கத்தும்" என்றார். இதைவிட ஆழம் குறைந்தால் எச்சரி என்று குறிக்கும் சேஃப்டி காண்டூர் 30 மீட்டரில் கிடக்கிறது. கருவி செய்த கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கிற அளவு அது, நம் கப்பலின் டிராஃப்டுக்கும் (தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரும் மாற்றவில்லை. மாற்றத் தெரியுமா என்று கேட்டேன், மெனுவில் தேடிக்கொண்டே இருந்தார். பொது எக்டிஸ் சான்றிதழும் அந்த மாடலுக்கான சான்றிதழும் இரண்டும் அவரிடம் உண்டு.

இது என் கப்பல் கதை மட்டும் இல்லை. 2013 செப்டம்பரில் டோவர் நீரிணையில் ஓவிட் என்ற கெமிக்கல் டேங்கர் வார்ன் மணல்திட்டில் ஏறியதே, பிரிட்டிஷ் விபத்து விசாரணை அமைப்பின் அறிக்கை பொதுவில் இருக்கிறது, படித்துப்பாருங்கள். போட்டிருந்த பாதையே மணல்திட்டின் மேலே போகிறது. போட்டவர் அனுபவம் குறைந்த ஜூனியர், கேப்டன் சரிபார்க்கவில்லை. எக்டிஸின் அலாரச் சத்தம் வேலை செய்யவில்லை. எல்லாருக்கும் அந்தக் கருவியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கப்பல் தரை தட்டிவிட்டது என்பதே வாட்ச் அதிகாரிக்கு உறைக்க 19 நிமிடம் ஆகியிருக்கிறது. 19 நிமிடம்! வாத்தியார் சார், "குறைந்தபட்சம்" என்றீர்களே, இது எந்தக் குறைந்தபட்சம்?

கரை வாத்தியார்:
அந்த அறிக்கையை வகுப்பில் வைத்துத்தான் பாடமே எடுக்கிறேன். தூங்குகிறார்கள்.

சீஃப் (ஓய்வு):
நான் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக்அவுட், எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகவில்லை, எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு மேலே ஓடிப்போய் அதன் முன்னால் நின்று மேனுவலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

இப்போது தம்பிகளுக்கு. கப்பலில் ஏறிய முதல் வாரத்தில் சான்றிதழை மறந்துவிடுங்கள். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் லோடு எடுக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், எடுக்காவிட்டால் என்ன என்பதுதான் கேள்வி. பேட்டரி போனாலும் ஸ்டார்ட் செய்ய இன்னொரு வழி இருக்கும், ஹைட்ராலிக்கோ ஸ்பிரிங்கோ, அதில் ஒருமுறை உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்தது கணக்கில் வராது. எமர்ஜென்சி ஃபயர் பம்ப்புக்கு விளக்கில்லாமல் போய்ப் பாருங்கள். ஸ்டியரிங் ரூமில் நின்று, பிரிட்ஜ் கட்டுப்பாடு போனால் எந்த வால்வைத் தள்ளவேண்டும் என்று கை வைத்துப் பழகுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற டிரில்லுக்காகக் காத்திருக்காதீர்கள். தீயணைக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வைத்திருக்கிற சிஓடூ அறைக்குப் போய், எந்த வரிசையில் எதை மூடிவிட்டு, ஆள் கணக்கெடுத்துவிட்டுத் திறக்கவேண்டும் என்று சத்தமாகச் சொல்லிப்பாருங்கள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மூடிய டேங்கில் ஒருவர் விழுந்தால் பின்னாலேயே ஓடாதீர்கள், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன கதைகள் ஏராளம், 2015-லிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதற்கென்று தனி டிரில் வைக்கச் சொன்னதே அதனால்தான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று செகண்டிடம் சொல்லுங்கள். திட்டுவார், திட்டட்டும். சீனியர்களுக்கும் ஒன்று, திட்டுவதைக் கொஞ்சம் குறைத்தால்தான் அவன் கேட்பான். அப்புறம் நோட்டு ஒன்று வைத்து...

உப்புக்காற்று:
சார், யாரும் அறிவுரை கேட்கவில்லை :) அதுவும் கதையைவிட அறிவுரை நீளம். ஒரே ஆள் இரண்டு ஆள் வேலை பார்க்கிற கப்பலில், 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு தாளில் மட்டும் இருக்கிற இடத்தில், இருட்டில் ஃபயர் பம்ப் தேடிப்போக எந்த ஜூனியருக்கு நேரம் இருக்கிறது?

என் கதை சின்னது. ராத்திரி மெஸ் ரூமில் ஒரு கேடட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தான். "என்னடா இந்த நேரத்தில்?" என்றேன். சிபிடி என்ற கம்ப்யூட்டர் வழிப் பயிற்சிப் பாடங்களாம், ஆடிட் வருகிறதாம். அவனுடையது முடிந்துவிட்டது, இப்போது செய்வது சீஃப் மேட்டுடையது, அதற்கு அடுத்தது கேப்டனுடையது. பிரிட்ஜ் குழுவை வழிநடத்துவது பற்றிய பாடத்தில் கேப்டன் பெயரில் 96 மதிப்பெண் வாங்கியிருந்தான். திரும்பத் திரும்பச் செய்ததில் விடைகள் மனப்பாடம் ஆகிவிட்டன என்று பெருமையாக வேறு சொன்னான். ஆடிட்டர் வந்தார், கோப்பைப் புரட்டினார், பயிற்சிப் பதிவுகள் சிறப்பாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.