லாச்சியில் அடித்த பெயின்ட் நகம் பட்டாலே உரிகிறது: நானே அடிக்கவா, பாஸைப் பிடிக்கவா?

வெள்ளவத்தை மாடிவீடு:
பெட்டியில் வந்து நாங்களே பூட்டிய அலுமாரி ஒன்று இருக்கிறது. மூன்று கதவு, கீழே இரண்டு லாச்சி (இழுப்பறை). உள்ளே பார்ட்டிகிள் போர்ட் (மரத்துகளை அமுக்கிச் செய்த பலகை), மேலே மரக்கோடு போட்ட வழுவழுப்பான பழுப்புத் தோல். வெள்ளையாக்க ஆசை. சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்த பாஸ், மிஞ்சிய எனாமலை ஒரு லாச்சி முகப்பில் அடித்துக் காட்டினார். வடிவாகத்தான் இருந்தது. அடுத்த கிழமையே பட்டை பட்டையாக வருகிறது. மொறட்டுவைப் பக்கம் ஒரு பட்டறையில் கேட்டால், முழுவதையும் கழற்றிக் கொண்டுவரட்டாம். லொறிக் கூலியே நெஞ்சை அடைக்கிறது. நானே அடித்தால் சரிவருமா?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கோ. பழுப்புத் தோலும் சேர்ந்து வந்ததா, பெயின்ட் மட்டுமா?

வெள்ளவத்தை மாடிவீடு:
பெயின்ட் மட்டும்தான். பின்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது.

தெஹிவளை தளபாடம்:
அப்படியென்றால் எனாமலில் பிழை இல்லை, அடியில் பிடிமானம் இல்லை. அந்தப் பழுப்புத் தோல் மெலமைன், பிளாஸ்டிக் மாதிரியான மேற்பரப்பு, எதையும் உறிஞ்சாது. முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் எண்ணெய்ப்பசையைத் துடையுங்கள். தண்ணீர் ஓட விட்டால் போர்ட் ஊதிவிடும். பிறகு 180 அல்லது 220 நம்பர் சான்ட் பேப்பரால் மினுக்கம் போகும் வரை மட்டும் தேயுங்கள், தோலைக் கிழிக்க வேண்டாம். தூசியைத் துடைத்து, வழுக்கும் பரப்புக்கென்றே விற்கிற பிரைமர் (பெயின்டுக்கு முன் பிடிமானத்துக்கு அடிப்பது) ஒரு பூச்சு. சுவர்ப் பிரைமர் வேலைக்காகாது. முதலில் கதவின் உள்பக்க மூலையில் அடித்து நன்றாகக் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வந்தால் மேலே பெயின்ட் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

பட்டறைக்கு முழு அலுமாரி எதற்கு என்றுதான் விளங்கவில்லை. பார்ட்டிகிள் போர்டைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் ஆணித் துளைகள் தளர்ந்துவிடும், பிறகு அலுமாரி ஆடும். பிணைச்சலைக் கழற்றிக் கதவுகளையும் லாச்சி முகப்புகளையும் மட்டும் ஸ்ப்ரேக்குக் கொடுங்கள். கண்ணில் படுவது அவைதானே. அலுமாரியின் உடம்பை நீங்களே ரோலரால் அடிக்கலாம். மாடிவீட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்க யாரையும் விடாதீர்கள், தின்னர் மணம் தாங்காது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
எண்ணெய் எனாமலில் வெள்ளை வேண்டாம் அக்கா, வெளிச்சம் படாத உள்பக்கம் மஞ்சளாகும். தண்ணீரில் கலக்கும் எனாமல் வாங்குங்கோ, மெல்லிசாக இரண்டு பூச்சு. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் மழை நாளில், டின்னில் போட்டிருக்கும் நேரத்தை நம்பவே கூடாது. கையில் ஒட்டாது என்றவுடன் கதவைச் சாத்தினால் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில நாள் திறந்தே கிடக்கட்டும்.

மருதானை:
ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருங்கோ.

வெள்ளவத்தை மாடிவீடு:
ஸ்டிக்கரா, கடற்காற்றுக்கு ஓரம் கிளம்பும்! சரி, கதவுகளை மட்டும் கொடுக்கிறேன். கீழ் லாச்சி முகப்பு, தரை துடைக்கும் தண்ணீர் பட்டு ஊதியிருக்கிறது. அதற்கு என்ன செய்ய?

தெஹிவளை தளபாடம்:
ஊதியது திரும்ப அமுங்காது, பெயின்ட் அடித்தால் இன்னும் துலக்கமாகத்தான் தெரியும். தச்சு பாஸிடம் அதே அளவில் எம்டிஎஃப் (மர நாரை அமுக்கிச் செய்த பலகை) வெட்டி வாங்குங்கள். துளை அடையாளம் எடுக்கப் பழைய முகப்பையும் கொண்டுபோங்கள். வெட்டிய ஓரம் பெயின்டை உறிஞ்சும், அங்கே மட்டும் பிரைமர் இரண்டு தரம்.