5 நிமிடம் நிற்போம் என்கிறார்களே, அந்த 5 நிமிடம் யாருக்கு?

வால்நட்சத்திரம்:
நம் மலைநடை கிளப்பின் குழு நடைகளை எப்படி நடத்த வேண்டும் என்று நண்பர் வேகநடை நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம் நிற்போம். பின்னால் வருபவர்கள் அதற்குள் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். குழு யாருக்காகவும் தேங்கி நிற்காது." அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டு வேறு.

எனக்கு ஒரே கேள்வி. அந்த 5 நிமிடம் எப்போது தொடங்குகிறது? முதல் ஆள் வந்து பையை இறக்கி வைத்தபோதா, கடைசி ஆள் வந்து சேர்ந்தபோதா?

நான் பெரும்பாலும் ஸ்வீப்பாக, அதாவது குழுவின் கடைசி ஆளுக்கும் பின்னால், வருகிறவன். பின்னால் நடப்பது முன்னால் போகிறவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஏற்றத்தில் ஒரு பெண்மணி முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி ஏறி வருகிறார். மேலே எல்லோரும் பாறையில் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர் தலை தெரிந்ததும் "வந்தாச்சு, கிளம்பலாம்" என்று ஒரு குரல். ஜிப்புகளை இழுக்கும் சத்தம், பைகள் தோளுக்கு ஏறுகின்றன. இவர் இன்னும் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. களைக்காதவர்கள் ஓய்வெடுத்தார்கள், களைத்தவர் ஓய்வில்லாமல் அடுத்த ஏற்றத்தில் கால் வைக்கிறார். ஒவ்வொரு நடையிலும் இதேதான்.

வேகநடை:
என் பெயரைச் சொல்லி விவாதத் திரி தொடங்கியதற்கு நன்றி. நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். "அறிவிப்பில் தூரமும் ஏற்றமும் தெளிவாகப் போடப்படும், முடிந்தவர்கள் மட்டும் வரவும்" என்றும் எழுதியிருந்தேன். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

5 நிமிடம் என்றால் 5 நிமிடம்தான். லீடர் வந்து நின்றதும் தொடங்கும். வேறு எப்படி? 20 பேர் வருகிற நடையில் கடைசி ஆள் வருவதற்கும் காத்திருந்து, வந்த பிறகு இன்னும் 5 நிமிடமும் நின்றால், இருட்டுவதற்குள் யார் வெளியே வருவது? பூங்கா வாசலை நமக்காகவா திறந்து வைத்திருப்பார்கள்?

கணக்குப்பிள்ளை:
இதில் சண்டைக்கு இடமே இல்லை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் விதி வகுத்துவிட்டார். இன்றைய அளவில் சொன்னால் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கி.மீ. நடை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 24 நிமிடம். இதை முன்கூட்டியே போட்டுவிட்டால் அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

வால்நட்சத்திரம்:
கணக்குப்பிள்ளை சார், அந்த 3 மணி 24 நிமிடத்தில் ஒரு நிமிடமாவது ஓய்வு உண்டா? கிடையாது. நேஸ்மித் சொன்னது நடக்கும் நேரம். அதுவும் ஓரளவு உடல்தகுதி உள்ளவர்களுக்கு, எளிதான பாதையில். நிற்கும் நேரத்தை நாம்தான் தனியாகக் கூட்ட வேண்டும். அந்த நிற்கும் நேரத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

உங்களுக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால் நானும் ஒன்று போடுகிறேன். சமதரையில் முன்னால் போகிறவர் மணிக்கு 5 கி.மீ., பின்னால் வருபவர் 4 கி.மீ. பாதை 2 கி.மீ.க்கு ஒருமுறை பிரிகிறது. முன்னவர் 24 நிமிடத்தில் வந்துவிடுவார், பின்னவருக்கு 30 நிமிடம். முதல் ஆள் வந்ததிலிருந்து 5 நிமிடம் என்று வைத்தால், பின்னவர் வரும்போது குழு கிளம்பி ஒரு நிமிடம் ஆகியிருக்கும். 12 கி.மீ. முடிவதற்குள் வழியில் இப்படி ஐந்து இடங்கள். முன்னவருக்கு மொத்தம் 25 நிமிட ஓய்வு. பின்னவருக்குப் பூஜ்யம். அவர்களை ஒரு தடவைகூடப் பார்க்கவும் முடியாது. அதற்குப் பெயர் குழு நடையா?

வேகநடை:
உங்கள் கணக்கையே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இடத்திலும் 6 நிமிடம் காத்திருப்பு, அதற்கு மேல் உங்கள் 5 நிமிடம். ஐந்து இடங்களில் 55 நிமிடம்! ஒரு மணி நேரத்தை நின்றே கழிக்க நான் ஏன் விடியற்காலையில் எழுந்து வர வேண்டும்? காற்றில் வியர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்து, தசை இறுகிப்போய் மறுபடி தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பின்னாலேயே வருகிற உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நிழல்தேடி:
நான் புதியவள். என் முதல் நடையில் நடந்தது அப்படியே வால்நட்சத்திரம் அண்ணா சொன்னதுதான். அறிவிப்பில் "எளிது" என்று போட்டிருந்தது. எளிது, மிதமானது, கடினம் என்பதற்கெல்லாம் அளவு என்ன? தூரமா, ஏற்றமா, பாதையின் தன்மையா? யாராவது சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

பாறைப்பல்லி:
மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டுவிடுங்கள். எல்லோரும் அவர் வேகத்தில் போகட்டும். பிரச்சினை தீர்ந்தது.

வேகநடை:
நீங்கள் குறுக்குவழி மன்னர். உங்கள் யோசனையும் அப்படித்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் பாதையை விட்டு நேராகச் செடிகளை மிதித்து இறங்கியவர் நீங்கள்தானே? நாலு பேர் இறங்கினால் அது தடமாகிவிடும், அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியே ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். முதலில் அதை நிறுத்துங்கள். யார் முன்னால் போவது என்பதை அப்புறம் பேசலாம்.

பாறைப்பல்லி:
அங்கே ஏற்கெனவே தடம் இருந்தது. நான் உண்டாக்கவில்லை.

ஒற்றையடி:
இருந்தால் நீங்களும் மிதிக்க வேண்டுமா? ஏற்கெனவே இருக்கும் தடம் ஆறுவதற்குக்கூட விடமாட்டீர்கள். சேறாக இருந்தாலும் பாதையின் நடுவிலேயே வரிசையாக நடக்க வேண்டும் என்பது அடிப்படை ஒழுங்கு. ஓரமாக ஒதுங்கி ஒதுங்கித்தான் ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதை ஆகிறது.

பாறைப்பல்லி:
என் ஷூ நனைந்தால் நீங்களா வாங்கித் தருவீர்கள்?

வால்நட்சத்திரம்:
குறுக்குவழிச் சண்டைக்குத் தனித் திரி தொடங்குங்கள். மெதுவானவரை முன்னால் விடும் யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சமதரையில் அது சரிவரும். ஏற்றத்தில் சரிவராது. பின்னால் பதினைந்து பேர் குதிகாலை மிதிக்கிற மாதிரி நெருங்கி வரும்போது முன்னால் இருப்பவர் தன் வேகத்தில் நடக்கமாட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு, மூச்சுத் திணறத் திணற வேகம் கூட்டுவார். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அவரவர் வேகத்தில் நடக்கட்டும், சேரும் இடத்தில் நிற்போம். கடைசி ஆள் வந்ததிலிருந்து 5 நிமிடம். வேறொன்றும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேஸ்மித் இறக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னாளில் எரிக் லாங்மியர் அதைத் திருத்தினார். 5 முதல் 12 டிகிரி வரையிலான மிதமான சரிவில் இறங்கினால் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கழிக்க வேண்டும், 12 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருந்தால் 10 நிமிடம் கூட்ட வேண்டும். ஆக, ஏறிய 600 மீட்டரையும் செங்குத்தாக இறங்கினால் என் கணக்கோடு 20 நிமிடம் சேர்த்து 3 மணி 44 நிமிடம்.

வேகநடை:
பார்த்தீர்களா, இறக்கத்துக்கே 20 நிமிடம் கூடுகிறது. இதில் வால்நட்சத்திரத்தின் 55 நிமிடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வால்நட்சத்திரம்:
முன்னால் வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். அல்லது 12 கி.மீ.க்குப் பதில் 9 கி.மீ. போங்கள். திரும்பும் நேரம் என்று ஒன்றை முதலிலேயே முடிவு செய்து, எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்புங்கள். உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்று யார் எழுதி வாங்கினார்கள்?

உங்கள் 55 நிமிடத்தில் 30 நிமிடம் காத்திருப்பு. அது நீங்கள் வேகமாகப் போனதால் வந்தது. நான் கேட்பது மீதி 25 நிமிடம் மட்டும், அதாவது இடத்துக்கு 5 நிமிடம். இரண்டையும் கலந்துகட்டி 55 என்று பயமுறுத்தாதீர்கள்.

வேகநடை:
நான் வேகமாகப் போனது குற்றமா? இது நன்றாக இருக்கிறதே! உடற்பயிற்சி செய்து தயாராகி வருபவன் குற்றவாளி, வாரம் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் ஞாயிற்றுக்கிழமை ஷூவை மாட்டிக்கொண்டு வருபவருக்கு ராஜ உபசாரம்.

நிழல்தேடி:
நாற்காலியை விட்டு எழாதவள் என்று என்னைச் சொல்கிறீர்களா?

வேகநடை:
பெயர் சொல்லவில்லையே.

நிழல்தேடி:
சொல்ல வேண்டியதில்லை, புரிகிறது. அன்று பாதை பிரிந்த இடத்தில் ஒருத்தரும் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. தரையில் ஷூ தடங்களைப் பார்த்துத்தான் இடது பக்கம் திரும்பினேன். நல்லவேளையாக அது சரியான பாதை. அப்படி விட்டுவிட்டுப் போனவர்கள் ராஜ உபசாரம் பற்றிப் பேசக்கூடாது.

ஒற்றையடி:
அன்று ஸ்வீப் யார்? ஸ்வீப் இருந்தால் கடைசி ஆள் எப்படித் தனியாக வந்து சேர்ந்தார்? ஸ்வீப் என்பவர் கடைசி ஆளுக்கும் பின்னால் வர வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் அவரைத் தாண்டக்கூடாது.

வேகநடை:
ஆம், அதைக் கேளுங்கள். எப்போதும் ஸ்வீப்பாக வருவதாகச் சொல்பவரைக் கேளுங்கள்.

வால்நட்சத்திரம்:
அன்று நான் வரவில்லை. வருகைப் பட்டியலைப் பாருங்கள். அன்று ஸ்வீப்பே போடவில்லை, ஏனென்றால் "அனுபவசாலிகள் குழு, தேவையில்லை" என்று லீடர் சொன்னார். லீடர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேகநடை:
சரி, பழையதைக் கிளறினால் நானும் கிளறுவேன். மழைக்காலத்து நடையில் பாதியிலேயே யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனது யார்? தலை எண்ணும்போது ஒரு ஆள் குறைகிறது என்று நாங்கள் வந்த வழியே திரும்பிப் போய், கூவிக் கூவித் தேடினோம். இருட்டும் நேரத்தில் "நான் வீட்டில் இருக்கிறேன்" என்று குறுஞ்செய்தி வந்தது.

வால்நட்சத்திரம்:
முன்னால் இருந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் லீடரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒற்றையடி:
லீடரிடம் நேரடியாகச் சொல்லாமல் குழுவை விட்டுப் பிரியக்கூடாது. இது ஸ்வீப்புக்குத் தெரியாதா?

வால்நட்சத்திரம்:
லீடர் ஒரு கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தால் எப்படி நேரடியாகச் சொல்வது? கூவியா? அதுவும் என் கேள்விக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. கடைசி ஆள் வந்து சேர்ந்து 5 நிமிடம் எல்லோரும் ஒன்றாக நின்றிருந்தால் நான் லீடரிடமே சொல்லியிருப்பேன். அந்த 5 நிமிடத்தில்தான் தலை எண்ண முடியும், யாருக்குக் காலில் கொப்புளம், யாரிடம் தண்ணீர் தீர்ந்தது என்று கேட்க முடியும். ஓடிக்கொண்டே தலை எண்ண முடியாது.

வேகநடை:
எதைச் சொன்னாலும் 5 நிமிடம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்கள்.

வால்நட்சத்திரம்:
நீங்களும் அதே முயலைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை: ஓய்வு தேவைப்படுபவருக்கு ஓய்வு தராமல், தேவைப்படாதவருக்குத் தருவதில் என்ன நியாயம்? மூச்சிரைத்து நிற்பவருக்கு முதல் ஓரிரு நிமிடத்திலேயே இதயத் துடிப்பு கணிசமாக இறங்கிவிடும். அதற்குள் தண்ணீர் குடித்து, ஷூ கயிற்றைச் சரிசெய்துகொண்டால் அடுத்த 2 கி.மீ.யை அவர் நன்றாகவே நடப்பார். அவர் நன்றாக நடந்தால் அடுத்த இடத்தில் உங்கள் காத்திருப்பும் குறையும். ஓய்வு தராததால்தான் இடைவெளி போகப்போக வளர்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதற்கும் சூத்திரம் உண்டு. டிரான்டர் என்பவர் ஒவ்வொருவரின் உடல்தகுதிக்கும் ஏற்ப நேஸ்மித் நேரத்தைத் திருத்தினார். 800 மீட்டர் தூரத்தில் 300 மீட்டர் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அளவுகோல். எல்லோரையும் ஒருமுறை ஏறச் சொல்லி நேரம் குறித்துவிட்டால்...

பாறைப்பல்லி:
பரீட்சை வைத்துத்தான் நடைக்குச் சேர்ப்பீர்களோ? நான் மரம் பார்க்க வருகிறேன் சார்.

ஒற்றையடி:
மரம் பார்க்க வருபவர் தோளில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுப் பாட்டுப் போடுவானேன்? போன நடையில் நீங்கள் இருந்த பக்கம் ஒரு பறவைகூட வாய் திறக்கவில்லை.

பாறைப்பல்லி:
மெதுவான சத்தத்தில்தான் வைத்தேன். நாலு பேர் கேட்டு ரசித்தார்கள்.

ஒற்றையடி:
மற்ற பதினாறு பேர்? பூங்காவுக்கு நம் கிளப் மட்டுமா வருகிறது? எதிரே ஏறி வந்த குடும்பத்துக்கு ஒதுங்கி வழிகூட விடாமல் பாட்டோடு இறங்கினீர்கள். ஏறி வருபவருக்குத்தான் முதல் வழி.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தலைப்பை ஒட்டிப் பேசவும். நிழல்தேடி கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவும்.

வேகநடை:
தலைப்பை ஒட்டியே சொல்கிறேன். வருகிற ஞாயிறு நடைக்கு லீடர் நான். பாதை பிரியும் இடத்தில் 5 நிமிடம். முதல் ஆள் வந்ததிலிருந்து. பிடிக்காதவர்கள் வேறு நடைக்குப் போகலாம்.

வால்நட்சத்திரம்:
ஞாயிறு நடைக்கு ஸ்வீப்பாக நான் பெயர் கொடுத்துவிட்டேன். கடைசி ஆளோடு வருவேன், அவர் தண்ணீர் குடித்து மூச்சு சீராகும் வரை அவரோடு நிற்பேன். நீங்கள் கிளம்பிப் போனால் ஸ்வீப் இல்லாமல், தலை எண்ணாமல் போனீர்கள் என்று கிளப்பில் எழுத்திலேயே கொடுப்பேன். 5 நிமிடம், கடைசி ஆள் வந்ததிலிருந்து.

வேகநடை:
தாராளமாகக் கொடுங்கள். மழைக்காலத்து நடையையும் சேர்த்து எழுதுங்கள்.

நிழல்தேடி:
ஞாயிறு நடை "மிதமானது" என்று போட்டிருக்கிறதே, ஏற்றம் எத்தனை மீட்டர்?

பாறைப்பல்லி:
நானும் வருகிறேன். ஸ்பீக்கர் வேண்டாம் என்று கிளப் விதியில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.